ஒரு நீச்சல் குளமும் ஒரு மஹல்லாவும்



அஸர் தொழுகைக்கும் மஃரிபு தொழுகைக்கும் இடையே கிடைக்கும் சிறிது நேரத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓடியாடுவதற்கு முன்பெல்லாம் குளக்கரைத் திடல் ஒன்று இருந்தது. இன்று அங்கே கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. குப்பை வண்டிகள் வந்து கொட்டிச் செல்கின்றன. சென்ற மாதம் மத்ரஸா மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், நாங்கள் எங்கே போய் விளையாடுவது?" என்று கேட்டான். "மனு கொடுத்திருக்கிறோம்" என்றேன். "மனு கொடுத்துவிட்டால் போதுமா ஹஜ்ரத்?" என்று அவன் திருப்பிக் கேட்டபோது என்னிடம் விடையில்லை.

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று. உங்கள் ஊரிலும் ஒரு திடலோ, ஒரு பூங்காவோ, படித்துறையோடு கூடிய ஒரு குளமோ இருக்கும். முன்னோர் கூடி மகிழ்ந்த அந்த இடம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். அது பாழாவதைக் கண்டு நாம் வருந்துகிறோம். மனு எழுதுகிறோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மனு எழுதியதோடு நின்றுவிடாத மக்களும் உலகில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒரு சாராரைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அவர்கள் வாழ்வது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், பால்சல் ஹீத் என்னும் குடியிருப்பில். அவர்கள் காத்தது நூற்றாண்டு கண்ட ஒரு நீச்சல் குளத்தை.

வாக்குறுதியில் பிறந்த மாளிகை

பால்சல் ஹீத் ஒரு காலத்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பகுதியாக இருக்கவில்லை. அண்டை மாவட்டமான வூஸ்டர்ஷயரைச் சேர்ந்திருந்தது. 1891-ஆம் ஆண்டில் அது பர்மிங்ஹாமோடு இணைக்கப்பட்டது. "எங்களோடு சேர்ந்தால் உங்களுக்கு ஒரு நூலகமும் பொதுக் குளியல் மாளிகையும் கட்டித் தருவோம்" என்பது அந்த இணைப்பின்போது மக்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதி. நூலகம் முதலில் திறக்கப்பட்டது. குளியல் மாளிகைக்கு மக்கள் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1907-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், நூலகத்தை ஒட்டியே, சிவந்த செங்கல்லும் சுடுமண் சிற்ப வேலைப்பாடும் கொண்ட முகப்போடு மோஸ்லி சாலைக் குளியல் மாளிகை திறக்கப்பட்டது.

குளிப்பதற்கு மாளிகை எதற்கு என்று இன்று நமக்குத் தோன்றலாம். தொழிற்புரட்சியால் வீங்கிப்போன அந்நகரங்களின் நிலையை அறிந்தால் அந்த ஐயம் நீங்கிவிடும். நெருக்கியடித்துக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளில் குளியலறை என்பதே கிடையாது. முற்றத்துக் குழாய் ஒன்றைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. காலராவும் பிற கொள்ளைநோய்களும் அடிக்கடி தலைகாட்டின. எனவே 1846-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், பொதுப் பணத்தில் குளியல் கூடங்களும் சலவைக் கூடங்களும் அமைக்க உள்ளாட்சிகளுக்கு வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. பர்மிங்ஹாமின் முதல் பொதுக் குளியல் கூடம் 1851-இல் திறக்கப்பட்டது. மோஸ்லி சாலை மாளிகை அந்த வரிசையில் பின்னால் வந்தது.

அதனுள்ளே இரண்டு நீச்சல் குளங்கள். அவற்றுள் பெரியதைச் சுற்றிப் பார்வையாளர் அமர மாடங்கள். அவை தவிர, ஒருவர் ஒருவராகக் குளிக்கும் 46 தனித் தொட்டிகள். வீட்டில் குளியலறை இல்லாதவர் சிறு கட்டணம் செலுத்தி, ஒரு தொட்டி நிறைய வெந்நீர் பெற்று, கதவைத் தாழிட்டுக்கொண்டு குளித்துச் செல்லலாம். ஏழைக்கும் தூய்மை உரியது என்னும் எண்ணம் அந்த 46 தொட்டிகளில் இருந்தது.

ஆனால், அந்தக் காலத்தின் குறையும் அக்கட்டடத்தின் முகப்பிலேயே தெரிந்தது. வாயில்கள் மூன்று. முதல் வகுப்பு ஆண்களுக்கு ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் குளிக்க வரும்போதுகூட வகுப்பு பார்த்துப் பிரிந்து செல்ல வேண்டியிருந்தது.

புதிதாக வந்தவர்களின் குளம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பால்சல் ஹீத்தின் முகம் மாறியது. தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அயர்லாந்திலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஏமனிலிருந்தும் மக்கள் வந்தனர். பாகிஸ்தானிலிருந்தும், பின்னர் வங்கதேசமான பகுதியிலிருந்தும் வந்தனர். பிற்காலத்தில் சோமாலியக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. இன்று அவ்வட்டாரத்தின் மக்களில் பெரும் பகுதியினர் முஸ்லிம்கள். இங்கிலாந்து முழுதும் பெயர் பெற்ற 'பால்ட்டி' உணவகங்கள் தழைத்தது பால்சல் ஹீத்தையும் அதையடுத்த ஸ்பார்க்புரூக், ஸ்பார்க்ஹில் பகுதிகளையும் உள்ளடக்கிய முக்கோணத்தில்தான்.

தொடக்க காலத்தில் வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஒரே அறையில் பலராகத் தங்கி, பகல் வேலைக்காரர் எழுந்த படுக்கையில் இரவு வேலைக்காரர் படுத்து உறங்கிய வரலாறு அது. அத்தகைய விடுதிகளில் வெந்நீருக்கு எங்கே போவது? வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்கு முன்போ விடுமுறை நாளிலோ, உடல் முழுவதும் நீர்பட ஒழுங்காகக் குளிக்க வேண்டுமென்றால் பொதுக் குளியல் கூடமே கதி. தொழிலாளிகளுக்காக ஆங்கிலேயர் கட்டிய தொட்டிகள், கடல் கடந்து வந்த தொழிலாளிகளுக்கும் இவ்வாறு பயன்பட்டன. மோஸ்லி சாலையின் தனித் தொட்டிகள் 2004-ஆம் ஆண்டுவரை புழக்கத்தில் இருந்தன என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. 21-ஆம் நூற்றாண்டிலும் அவற்றைத் தேடி வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்!

பிறகு குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு வந்து நீந்தக் கற்றார்கள். நீந்தக் கற்பதை வீண் பொழுதுபோக்கின் கணக்கில் சேர்க்காத மார்க்கம் நம்முடையது. ஆனால் நம் பெண்மக்களுக்கு அதைக் கற்க இடம் எங்கே இருக்கிறது? மோஸ்லி சாலைக் குளத்தில் பெண்களுக்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட நேரங்கள் இருந்தன. மருத்துவர் நடக்கச் சொல்லியும் நீந்தச் சொல்லியும் அதற்கு வழியறியாது தவிக்கும் தாய்மார்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், தம் கண்ணியத்துக்கு ஏற்ற ஓர் இடம் இருப்பது அவர்களுக்கு ஆடம்பரம் ஆகாது. சகோதரிகளே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரிவின் தொடக்கம்

வெந்நீரும் ஆவியும் நிறைந்த கட்டடத்துக்கு ஆயுள் எளிதில் அமைவதில்லை. ஈரக்காற்று கூரையின் இரும்புச் சட்டங்களைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. துரு ஏறிய இரும்பு பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கல்லையும் செங்கல்லையும் பிளக்கிறது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சிறு பழுதைத் தள்ளிப்போட்டால், பத்தாண்டுக்குப் பிறகு அது பெரும் பழுதாகி நிற்கும். மோஸ்லி சாலையிலும் இதுவே நடந்தது. 2003-இல் கட்டட உறுதி குறித்த அச்சத்தால் பெரிய குளம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு தனித் தொட்டிகள் மூடப்பட்டன. எஞ்சியது சிறிய குளம் ஒன்றுதான்.

2008-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் பிரிட்டனின் உள்ளாட்சிகளுக்கு வரும் அரசு நிதி கடுமையாகக் குறைக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் மாநகராட்சி ஒரு முடிவை அறிவித்தது. அருகிலுள்ள ஸ்பார்க்ஹில்லில் புதிய நீச்சல் குளம் கட்டப்படும். அது வந்ததும் மோஸ்லி சாலைக் குளத்தில் நீச்சல் நிறுத்தப்படும்.

மாநகராட்சியின் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். ஒருதலையாகப் பேசுவது நீதியாகாது. பழைய கட்டடத்தில் நீரைச் சூடாக்கும் செலவு மிகுதி. கூரையைச் செப்பனிடக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். முதியோர் பராமரிப்பா, குழந்தைகள் பாதுகாப்பா, பழங்குளத்தின் கூரையா என்று பட்டியலிட்டால், கணக்கர் எதை முதலில் வெட்டுவார் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். இத்தகைய முடிவுகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் எடுக்கப்படுவதில்லை. வரவு செலவுத் தாளில் 'செலவு' என்னும் பத்தியில் மட்டுமே அந்த இடம் தென்படுவதால் எடுக்கப்படுகின்றன. அங்கே நீந்தும் பாட்டியும், முதன்முதலாகத் தண்ணீரில் மிதந்து சிரிக்கும் சிறுவனும் அந்தத் தாளில் எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை.

மக்கள் எடுத்து வைத்த அடிகள்

குளத்துக்கு ஆபத்து என்பதை அப்பகுதி மக்கள் 2013-க்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். 2006-ஆம் ஆண்டிலேயே 'மோஸ்லி சாலைக் குளியல் மாளிகையின் நண்பர்கள்' என்னும் அமைப்பைத் தொடங்கியிருந்தனர். அவர்கள் செய்த வேலைகளைக் கூர்ந்து கவனித்தால் அவற்றில் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும்.

முதலில், அந்த இடத்தின் வரலாற்றைத் திரட்டினார்கள். பழைய படங்களையும் பழைய நினைவுகளையும் தேடிச் சேர்த்தார்கள். கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். தங்கள் தெருவில் இருப்பது எத்துணை அரிய பொருள் என்பதை முதலில் தெருவாசிகளுக்கே உணர்த்தினார்கள். அறியாத ஒன்றை எவரும் காக்க முன்வருவதில்லை.

அடுத்து, தங்கள் குரலை ஊருக்கு வெளியே கொண்டுசென்றார்கள். ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் முயற்சியில், வறண்டு கிடந்த பெரிய குளத்தின் தரையில் ஏறத்தாழ 200 பேர் நீச்சல் உடையில் வரிசை வரிசையாக, சீனத்துச் சுடுமண் வீரர் படையைப் போல அசையாமல் நின்றார்கள். தண்ணீரில்லாத குளத்தில் நீந்தக் காத்து நிற்கும் மக்கள்! எந்த முழக்கமும் எழுதப்படாத அந்தப் படம் நாளிதழ்களில் இடம்பெற்றது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நினைவுச் சின்ன நிதியம், ஆபத்திலிருக்கும் 50 இடங்கள் அடங்கிய தன் 2016-ஆம் ஆண்டுக் கண்காணிப்புப் பட்டியலில் பால்சல் ஹீத்தின் இந்தக் குளத்தையும் சேர்த்தது. மாநகராட்சியின் கணக்கில் சுமையாக இருந்த கட்டடம் உலகத்தின் கவனத்துக்குரிய கட்டடமாயிற்று.

இதே காலத்தில் அப்பகுதி மக்கள் இன்னொன்றும் செய்தார்கள். பிரிட்டனில் 2011-ஆம் ஆண்டில் வந்த சட்டமொன்று, ஒரு குடியிருப்பின் மக்கள் தம் பகுதி எவ்வாறு வளர வேண்டும் என்பதைத் தாமே திட்டமாக எழுதி, பொது வாக்கெடுப்பில் நிறைவேற்றிக்கொள்ள வழிவகுத்தது. பால்சல் ஹீத் மக்கள் அவ்வாறு ஒரு திட்டத்தை எழுதினார்கள். 2015-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அது பெரும் ஆதரவோடு நிறைவேறியது. தங்கள் தெருவைப் பற்றிப் பிறர் வரைந்த வரைபடத்துக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிப் பழகியவர்கள், தாமே எழுதுகோலைக் கையில் எடுத்தார்கள்.

கதவு அடைபட்டால்

இனி நாம் காணவிருப்பதே இக்கட்டுரையின் உயிர். மோஸ்லி சாலை மக்கள் ஓர் உண்மையைப் பிறரது அனுபவத்திலிருந்து கற்றிருந்தார்கள். ஒரு குளத்தில் நீர் ஒருமுறை வடிக்கப்பட்டுவிட்டால், அதை மீண்டும் நிரப்புவது எளிதன்று.

மான்செஸ்டர் நகரில் விக்டோரியா குளியல் மாளிகை 1906-இல் திறக்கப்பட்டது. அழகில் மோஸ்லி சாலையை விஞ்சியது. 1993-இல் அது மூடப்பட்டது. மக்கள் உடனே அறக்கட்டளை அமைத்துப் போராடினார்கள். 2003-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சி நடத்திய போட்டியில், புதுப்பிக்கப்பட வேண்டிய கட்டடமாக நேயர்கள் அதையே தேர்ந்தெடுத்தார்கள். நிதியும் கிடைத்தது, கட்டடம் இடிபடாமல் தப்பியது. ஆயினும், மூடப்பட்டு 20 ஆண்டுகள் கடந்த பின்னரும் மக்கள் நாள்தோறும் நீந்தும் இடமாக அது மீளவில்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், தெற்காசிய முஸ்லிம் குடும்பங்கள் மிகுந்த கோவன்ஹில் பகுதியின் குளம் 2001-இல் மூடப்பட்டது. அங்குள்ள மக்கள் கட்டடத்துக்குள் புகுந்து நான்கு மாதங்களுக்கும் மேலாக இரவு பகலாக அமர்ந்து போராடினார்கள். இறுதியில் வெளியேற்றப்பட்டார்கள். 2005-இல் அறக்கட்டளை கண்டு, பல ஆண்டுகள் பாடுபட்டு அக்கட்டடத்தை மீட்கும் பணியில் இறங்கினார்கள். அவர்களின் உறுதி போற்றத்தக்கது. எனினும் பூட்டிய கதவைத் திறக்க எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் அது காட்டுகிறது.

எனவே பால்சல் ஹீத் மக்கள் வேறு வழியை நாடினார்கள். "மூடாதீர்கள்" என்று கேட்பதோடு நில்லாமல், "உங்களால் நடத்த இயலாவிட்டால் நாங்கள் நடத்துகிறோம்" என்று முன்வந்தார்கள். ஸ்பார்க்ஹில்லின் புதிய குளம் 2017-இல் திறக்கப்பட்டது. மோஸ்லி சாலையைப் பூட்டும் நாளும் நெருங்கியது. பேச்சுவார்த்தைகள் நடந்தன. பாரம்பரியக் கட்டடங்களைப் பேணும் தேசிய அமைப்புகளும் உலக நினைவுச் சின்ன நிதியமும் மாநகராட்சியும் குடியிருப்பாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்தனர். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், உள்ளூர் மக்கள் பதிவு செய்த அறநிறுவனம் ஒன்று நீச்சல் குளத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது.

சுமையில் பங்கு

பொறுப்பை ஏற்பது என்றால் என்ன? சாவியை வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது ஒரு நாள் வேலை. மறுநாள் விடியற்காலையில் யாராவது வந்து கதவைத் திறக்க வேண்டும். கொதிகலன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நீரில் குளோரின் அளவு சரியாக உள்ளதா என நாளுக்குப் பலமுறை சோதித்து ஏட்டில் எழுத வேண்டும். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் ஒருவர் கரையில் நிற்காமல் எவரையும் நீரில் இறக்கக் கூடாது. காப்பீட்டுத் தவணை கட்ட வேண்டும். கட்டணம் வாங்கிக் கணக்கு எழுத வேண்டும். உடைமாற்றும் அறைகளைக் கழுவ வேண்டும். இவற்றுள் பயிற்சி வேண்டிய வேலைகளுக்கு ஊதியம் பெறுவோர் தேவை. மற்றவற்றுக்குத் தொண்டர்கள் முறைவைத்து வர வேண்டும். மழையென்றும் பனியென்றும் பாராமல், வாரந்தோறும், ஆண்டுதோறும்.

ஊர் மக்கள் தங்களுக்காகத் தாங்களே அமைக்கும் இத்தகைய நிர்வாகம் நமக்குப் புதியதன்று. ஜமாஅத்தும் முத்தவல்லியும் வக்ஃபு நிலமும் கணக்குப் புத்தகமும் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருபவை. பழைய முஸ்லிம் நகரங்களில் பொதுக் குளியலகங்களான ஹம்மாம்கள் பலவும் வக்ஃபுச் சொத்துகளாக இருந்தன. அவற்றின் வருவாய் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் சென்றது. பொதுச் சொத்து என்பது ஆளில்லாச் சொத்தன்று, எல்லோரும் கணக்குக் கேட்கக்கூடிய அமானிதம் என்பதை நாம் அறிவோம். அறிந்ததைப் பள்ளிவாசலின் சுற்றுச்சுவருக்குள் மட்டும் நிறுத்திவிட்டோமோ என்பதுதான் என் கவலை.

மேசையில் யார் அமர்வது?

இவ்விடத்தில் ஒரு கசப்பான கேள்வியையும் கேட்டாக வேண்டும். 'மக்கள் பங்கேற்பு' என்று சொல்கிறோமே, எந்த மக்கள்?

பழமையான இடத்தைப் புதுப்பிக்கும் முயற்சிகள் பலவற்றில் ஒரு விபத்து நேர்கிறது. கட்டடக் கலையின் அருமை அறிந்தவர்கள், கூட்டத்தில் தயங்காமல் பேசப் பழகியவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் முன்வரிசையில் அமர்கிறார்கள். அவர்கள் நல்லவர்களே; அவர்களின்றி வேலை நடக்காது. ஆனால் அந்த இடத்தை அன்றாடம் பயன்படுத்திய ஏழைத் தாய், மொழி தெரியாத முதியவர், பள்ளிச் சிறுவன் ஆகியோர் கூட்டத்துக்கு வருவதில்லை. கூட்டம் வைத்த நேரம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரமாக இருக்கும். வந்தாலும் பேசுவதில்லை. முடிவில் கட்டடம் பளபளக்கும். கட்டணமும் உயர்ந்திருக்கும். முன்பு வந்தவர்கள் வருவதை நிறுத்தியிருப்பார்கள். கல் காப்பாற்றப்படும், கல்லுக்குப் பொருள் தந்த மனிதர்கள் வெளியே நிற்பார்கள்.

பால்சல் ஹீத் போன்ற, பல நாட்டவரும் பல மொழியினரும் வாழும் ஏழ்மைப் பகுதியில் இந்த ஆபத்து மிகுதி. இதற்கு மருந்தாக நான் காண்பது, மூடாமல் நடத்தியதைத்தான். குளம் இயங்கிக்கொண்டே இருந்ததால், அதைப் பயன்படுத்துவோர் பழைய நினைவுகளாக மாறிவிடாமல் நடப்பு உறுப்பினர்களாக நீடித்தார்கள். பெண்களுக்கான நேரம் என்பது எதிர்காலத் திட்ட அறிக்கையின் ஒரு வரியாக இராமல், இந்த வாரத்துக் கால அட்டவணையில் இருந்தது. மாற்றிவிட்டால் வந்து கேட்பதற்கு ஆளிருந்தது. கூட்டத்தில் பேசத் தயங்கும் பெண்மணியும் குளத்துக்கு வருவதன் மூலமே தன் வாக்கைப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

உழைப்பின் பயன்

2023-ஆம் ஆண்டு ஜனவரியில், பின்தங்கிய பகுதிகளை மேம்படுத்த பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து, மோஸ்லி சாலைக் குளியல் மாளிகையையும் அதனையடுத்த நூலகத்தையும் புதுப்பிக்க 1 கோடியே 55 லட்சம் பவுண்டு வழங்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. இணைப்பின்போது வாக்களிக்கப்பட்ட அதே இரண்டு கட்டடங்கள், 132 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே திட்டத்தின்கீழ் மீண்டும் ஒன்றாக எண்ணப்பட்டன. அரசு தன் பணத்தை எங்கே இடுகிறது என்பதைக் கவனியுங்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு நிதி கேட்பதைவிட, ஐந்தாண்டுகள் நடத்திக் காட்டிய கணக்கோடு நிதி கேட்பது எளிது.

அதே ஆண்டு செப்டம்பரில் மற்றொரு செய்தியும் வந்தது. கட்டாயச் செலவுகளைத் தவிர வேறெதற்கும் புதிதாகச் செலவிட இயலாத நிலையில் இருப்பதாக பர்மிங்ஹாம் மாநகராட்சி சட்டப்படி அறிவித்தது. ஐரோப்பாவின் மிகப்பெரிய உள்ளாட்சிகளுள் ஒன்று ஏறத்தாழ நொடித்துப்போன நிலைக்கு வந்தது. நூலகங்களும் இளைஞர் மையங்களும் குறைப்புக்கு உள்ளாயின. 2018-இல் மக்கள் முன்வந்திராவிட்டால் அன்றைக்கு அந்தக் குளத்தின் கதி என்னவாகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

இதனால் அரசு தன் கடமையிலிருந்து கைகழுவிக்கொள்ளலாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. வரி வாங்குபவர் பொது இடங்களைப் பேணக் கடமைப்பட்டவரே. பெருநிதியை அரசுதான் தர வேண்டியிருந்தது; தந்ததும் அரசுதான். தொண்டர்கள் கூரையின் இரும்புச் சட்டத்தை மாற்ற இயலாது. ஆனால், அந்த நிதி வரும்வரை விளக்கை அணையாமல் காத்தவர்கள் அவர்கள்.

நாம் செய்யக் கூடியவை

வாசகர்களே! உங்கள் மஹல்லாவிலும் இப்படியோர் இடம் இருக்குமானால் சிலவற்றைச் சிந்தியுங்கள்.

முதலாவது, அந்த இடத்தின் வரலாற்றை முதியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். யார் கொடுத்த நிலம், யார் வெட்டிய குளம், எந்த ஆண்டு கட்டிய படித்துறை என்பவற்றைச் சொல்லக் கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இரண்டாவது, அதைப் பயன்படுத்துவதை நிறுத்தாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத இடமே குப்பைமேடாகிறது; குப்பைமேடே ஆக்கிரமிப்புக்கு ஆளாகிறது.

மூன்றாவது, மஷூரா என்னும் கலந்தாலோசனையில் பெண்களையும் பிற சமுதாயச் சகோதரர்களையும் சேருங்கள். பொது இடம் எல்லோருக்கும் பொது. பால்சல் ஹீத்தில் அதைக் காத்தவர்கள் ஒரு மதத்தாரோ ஒரு நாட்டாரோ அல்லர். பெண்கள் வர இயலாத நேரத்தில் கூட்டம் நடத்திவிட்டு, "அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கூறாதீர்கள்.

நான்காவது, மனுவோடு ஒரு பொறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். "இதைச் செய்து தாருங்கள்" என்னும் வரிக்குக் கீழே, "இதை நாங்கள் செய்கிறோம்" என்று ஒரு வரி. கணக்கைத் திறந்து வையுங்கள். முறை வைத்து வேலை செய்யுங்கள். அதிகாரிகளைக் குறை கூறுவதற்கு முன் நம் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த மாணவனை அழைத்தேன். "நீ கேட்டது சரிதான், மனு கொடுத்தால் மட்டும் போதாது" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. இன்ஷா அல்லாஹ், வருகிற ஞாயிறு காலை ஜமாஅத்தாரும் பக்கத்துத் தெரு அன்பர்களும் மண்வெட்டியோடும் அரிவாளோடும் திடலுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முள்ளை வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். வெட்டிய இடத்தில் மீண்டும் முள் முளைக்காமல் பார்த்துக்கொள்ள யார் யாருக்கு எந்தக் கிழமை என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் பெயர் அவனுடையது. இரண்டாவது பெயர் என்னுடையது.